பாட்டு மண்டபத்தின் நாற்பத்தொரு துளைகள்

எங்கள் கந்தோரில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தொழில்நுட்ப உத்தியோகத்தர்கள் நாலைந்து பேர் போன மாதம் என்னைப் பார்க்க வந்திருந்தார்கள். முப்பத்துநாலு வருடம் செங்கல்லோடும் சீமெந்தோடும் மாரடித்துவிட்டு வீட்டில் இருக்கும் ஒருவனிடம் என்ன கேட்பார்கள்? "சேர், உங்கட சேவையில நீங்கள் செய்த பெரிய வேலை எது?" என்று கேட்டார்கள். பெரிய பிழையைச் சொல்லட்டுமா என்றேன். மரியாதைக்குச் சிரித்தார்கள். ஒரு பிள்ளை மட்டும் கொப்பியைத் திறந்தாள். தேத்தண்ணி குடித்து முடிவதற்குள் சொல்லக்கூடிய கதை அல்ல அது. அதனால் எழுதுகிறேன். கலவை விகிதமும் கம்பி அளவும் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், அவற்றை இதில் தேடாதீர்கள்.

பிழையைச் சொல்ல முன் ஒரு பெருமையைச் சொல்ல வேண்டும். பிழை அங்கேதான் முளைத்தது. பெரியமடுப் பக்கம் ஒரு வகுப்பறைக் கட்டடம். சுவர் நேராக நின்றது, வெடிப்பு எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. அதிபர் உட்பட எல்லோரும் நல்ல கட்டடம் என்றார்கள். எனக்கு என்னவோ பிடிக்கவில்லை. அடியில் மண்ணின் நிறம் வேறாக இருந்தது. பிள்ளைகளை வெளியே எடுத்து மரத்தடியில் இருத்தச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். அதிபர் என்னோடு கோபித்துக்கொண்டார். அந்த மாரியிலேயே சுவர் விழுந்தது. அதிலிருந்து மாவட்டத்தில் எங்கே சேதம் பார்க்க வேண்டுமென்றாலும் என்னைத்தான் தேடுவார்கள். நானும் எந்தச் சுவரைக் கண்டாலும் அதில் என்ன பழுது என்றே பார்க்கப் பழகிவிட்டேன்.

எனக்கு முதலில் கிடைத்த மேலதிகாரி இதைப் பற்றி எச்சரித்திருந்தார். அவர் ஒரு கட்டடத்துக்கு முதல் நாள் போகும்போது அளவு நாடாவும் கொண்டுபோக மாட்டார், பேனையும் கொண்டுபோக மாட்டார். சும்மா ஒரு கதிரையைக் கேட்டு வாங்கி நடுவில் போட்டு இருப்பார். ஏன் சேர் என்று ஒருமுறை கேட்டேன்.

"முதல் நாள் பாக்கிறதுக்கு. ரெண்டாம் நாள் எழுதுறதுக்கு. ரெண்டையும் ஒரே நாளில செய்தீரெண்டால், எழுதவேண்டியதைத்தான் பாப்பீர்" என்றார்.

எனக்கு அது சோம்பேறித்தனத்துக்குச் சொன்ன நியாயமாகப் பட்டது. அவர் ஓய்வு பெற்றபோது நல்ல மனுசன் என்று மேடையில் பேசினேன். சொன்னதை மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை.

இனி மண்டபத்துக்கு வருகிறேன். மன்னார்த் தீவின் கரையில் ஒரு கிராமம். ஊர்ப் பெயர் வேண்டாம், அங்கே உள்ளவர்கள் வாசித்தால் சிரிப்பார்கள். கோயிலுக்குப் பின்னால், கடலுக்கும் பனங்கூடலுக்கும் நடுவே, பாட்டு மண்டபம் என்று ஒன்று இருக்கிறது. வெள்ளைக்காரர் காலத்தில் கட்டியது. கட்டியவர் யார், படம் கீறியவர் யார் என்பது எவருக்கும் தெரியாது. எழுத்தில் இருந்ததெல்லாம் இடம்பெயர்வுகளில் போய்விட்டது. நாட்டுக்கூத்து ஆடுவதற்கும், தவக்காலத்தில் பாடுவதற்கும் என்றே கட்டப்பட்டது. வேறு எதற்கும் கொடுப்பதில்லை என்பது பழைய ஒழுங்கு. போர்க் காலத்தில் அது பலர் கைக்குப் போய்த் திரும்பி வந்தது.

கடலில் எடுத்த முருகைக்கல்லை அறுத்து அடுக்கி, சிப்பிச் சுண்ணாம்புச் சாந்து பூசிய சுவர். இரண்டரை அடி தடிப்பு. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் பக்கத்தில் ஒரு யன்னலும் இல்லை. மற்றப் பக்கத்தில் நீள விறாந்தையும் ஆழமான கதவுகளும் உண்டு. வெளியே காற்று ஆளைத் தள்ளும் நாளிலும் உள்ளே மெழுகுதிரி அசையாது. மேடைக்குப் பின்சுவர் மட்டும் நேராக இல்லாமல் சற்று வளைந்திருக்கும். கூரைக்குக் கீழே பனஞ்சலாகை வரிசை. தரை மேடையை நோக்கிச் சாய்வு. அந்தச் சாய்வு கண்ணுக்குத் தெரியாது, ஒரு தேசிக்காயை வைத்தால் தானாக உருண்டு மேடையடிக்குப் போகும். அந்தத் தேசிக்காய் விசயத்தை நான் பிறகுதான் கண்டுபிடித்தேன். முதலில் என் பட்டியலில் 'தரை அமிழ்ந்துள்ளது' என்று எழுதினேன்.

ஆம், பட்டியல். போர் முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு பழைய பொதுக் கட்டடங்களைத் திருத்த உதவி வந்தது. சேதப் பட்டியல் நிரப்ப வேண்டும். இடப்பக்கத்தில் 'சேதம்' என்று ஒரு நிரல், வலப்பக்கத்தில் 'திருத்தம்' என்று ஒரு நிரல். தீவுக்குள் போய்வர எனக்கு வாகனம் கிடைத்தது ஒரே ஒரு நாள். அன்றைக்கே பார்த்து, அன்றைக்கே அளந்து, அன்றைக்கே எழுதினேன். சுவர்களின் மேற்பகுதியில் கை நுழையும் அளவில் துளைகள் இருந்தன. சில வாய் திறந்தபடி, சில சிட்டுக்குருவிக் கூடு அடைத்தபடி, சில குளவிக் கூட்டு மண்ணோடு. எண்ணினேன். நாற்பத்தொன்று. 'ஷெல் மற்றும் சூட்டுத் துளைகள்' என்று சேத நிரலில் எழுதினேன். 'சீமெந்துச் சாந்தால் அடைத்து மேற்பூச்சு இடல்' என்று திருத்த நிரலில் எழுதினேன். ஒவ்வொரு துளையும் எந்த இடத்தில், எந்த உயரத்தில் என்று படத்திலும் அச்சொட்டாகக் குறித்தேன். அந்தப் படத்தைப் பார்த்துக் கந்தோரில் எல்லோரும் மெச்சினார்கள்.

மன்னாரில் அந்தக் காலத்தில் சுவரில் ஒரு துளையைக் கண்டால் அது எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை. பள்ளிக்கூடத்தில், ஆஸ்பத்திரியில், வீட்டுக் குசினியில், எங்கும் துளைதான். என் சொந்த வீட்டுச் சுவரில் ஒன்பதை நானே அடைத்திருக்கிறேன்.

வேலைக்கு வந்த மேசன் சலீம் தாராபுரத்துக்காரர். என் வயதுதான். போர்க் காலத்தில் ஊரைவிட்டுப் புத்தளம் போய், அங்கே அகதி வாழ்க்கையில் இருபது வருடம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். அதிகம் பேச மாட்டார். வேலை தொடங்கிய இரண்டாம் நாள் சாரமரத்தில் ஏறி நின்றபடி என்னைக் கூப்பிட்டார்.

"சேர், இதைக் கொஞ்சம் பாருங்கோ. விளிம்பு மழமழ எண்டு இருக்கு. ஷெல் துண்டு அடிச்ச ஓட்டை இப்பிடி இருக்காது."

"சுண்ணாம்பு கரைஞ்சு மழுங்கியிருக்கும்."

"வெளியால ஒண்டும் இல்லையே சேர். நான் சுத்திப் பாத்தனான்."

"உள்ளுக்க நிண்டும் சுட்டிருப்பினம்தானே சலீம்."

அவர் என் முகத்தைப் பார்த்தார்.  பட்டியலில் கையெழுத்து என்னுடையது. "சரி சேர்" என்றார். தும்பும் கல்லும் வைத்து அடைத்து, மேலே சீமெந்து பூசினார்கள். அதோடு நிற்காமல், சுண்ணாம்பு உதிர்ந்த இடங்களைச் சுரண்டி, சுவர் முழுவதற்குமே சீமெந்துப் பூச்சு இடச் சொன்னேன். தரையையும் மட்டமாக்கியிருப்பேன். தரைக்கான சீமெந்து வந்து சேராததால் அது மட்டும் என்னிடமிருந்து தப்பியது.

அந்த ஊரில் ஒரு வழக்கம் இருக்கிறது. தவக்காலத்தில் பெண்கள் மேடையில் நின்று மாதாவின் புலம்பலைப் பாடுவார்கள். மைக் இல்லை, மேளம் இல்லை. ஒவ்வொரு அடியின் கடைசிச் சொல்லையும் மண்டபத்தின் கடைசி வாங்கில் இருப்பவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். அவர்கள் சொல்லும்வரை அடுத்த அடி தொடங்காது. கடைசி வாங்கு கடலால் வருபவர்களுக்கு உரியது. ஈரச் சாரத்தோடு வந்து குந்துகிறவனுக்கும் விளங்கியிருக்க வேண்டும் என்பதுதான் அந்த வழக்கத்தின் கருத்து. புலம்பலில் மாதா மரத்தைக் கேட்பாள், மணலைக் கேட்பாள், கடலைக் கேட்பாள், காற்றைக் கேட்பாள். மரமே, மணலே, கடலே, காற்றே என்று அடிகள் முடியும்.

பாட்டை நடத்தியவர் பிலோமினா ரீச்சர். சின்ன உடம்பு, கண்டிப்பான வாய். மண்டபத்தைத் திருத்த வேண்டும் என்று இரண்டு வருடம் கடிதம் எழுதிக் கொண்டிருந்தவரும் அவர்தான். அதற்குக் காரணம் இருந்தது. அந்த ஊர்ப் பிள்ளை ஒருவர் வெளிநாட்டிலிருந்து புது மண்டபம் கட்டித் தருவதாகச் சொல்லியிருந்தார். மேல்மாடி, மின்விசிறி, ஒலிபெருக்கி எல்லாம் வரும், ஆனால் அதே காணியில்தான் வரும். பங்குச் சபைத் தலைவர் அதற்குச் சம்மதம். அவரைச் சம்மாட்டியார் என்பார்கள், நாலைந்து வள்ளங்களுக்குச் சொந்தக்காரர். கெட்டவர் இல்லை. மழைக்கு ஒழுகாத ஒரு இடம் பிள்ளைகளுக்கு வேண்டும் என்றார், அது நியாயம். ரீச்சரின் பிடிவாதத்தால் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். பெரிய வெள்ளிக்கு முன் பழைய மண்டபம் திருந்திப் பாட்டுக்கு உதவினால் அது நிற்கும். உதவாவிட்டால் உயிர்த்த ஞாயிறு முடிய இடிக்கலாம்.

வேலை முடிந்தது. மண்டபம் புதுமாப்பிள்ளை மாதிரி வெள்ளையாக நின்றது. பெரிய வெள்ளிக்கு மூன்று கிழமை இருக்க, ஒரு பின்னேரம் ஒத்திகை வைத்தார்கள். பாதர், சம்மாட்டியார், நான், எல்லோரும் முன்வாங்கில் இருந்தோம். ரீச்சர் பாடினார். கடைசி வாங்கு சொன்னது. அடிக்கு அடி பிசகாமல் போனது. பாதர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒப்படைப்புப் பத்திரம் என் பையில் இருந்தது. எடுக்கப் போனேன்.

ரீச்சர் மேடையிலிருந்து இறங்கி நேரே என்னிடம் வந்தார்.

"சேர், கொஞ்சம் வெளிய வாங்கோ."

விறாந்தையில் வைத்துச் சொன்னார். "பின்வாங்கில இருக்கிறவைக்குக் கேக்கேல்லை."

"என்ன ரீச்சர், எல்லாச் சொல்லும் சொன்னவைதானே?"

"மனப்பாடமாச் சொல்லினம். மூண்டாந்தரம் பாடேக்க நான் மணல் அடியை விட்டிட்டன். மரத்துக்குப் பிறகு நேரே கடலுக்குப் போனன். 'கடலே' எண்டு முடிச்சன். பின்வாங்கு 'மணலே' எண்டு சொல்லிச்சுது. ஒருத்தரும் கவனிக்கேல்லை. நீங்களும் கவனிக்கேல்லை."

நான் கவனிக்கவில்லைதான்.

"நான் பாடினது எனக்கே ரெண்டு மூண்டு தரம் எதிரொலிச்சுத் திரும்பி வருது சேர். முந்தி இது இப்பிடி இல்லை. நான் சின்னப் பிள்ளையில இருந்து பாடுறன். நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

அவர் குரலில் கோபம் இல்லை. பயம் இருந்தது. அதுதான் என்னைப் பிடித்து உலுக்கியது. கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது சட்டம் பேசித் தப்பியிருப்பேன்.

நான் கடைசி வாங்கில் போய் இருந்துகொண்டு, எனக்குத் தெரியாத ஏதாவது கதையை மேடையில் நின்று சொல்லும்படி ரீச்சரைக் கேட்டேன். குரல் வந்தது, சொல் வரவில்லை. ஒன்றுக்குமேல் ஒன்று ஏறிக் கொழகொழவென்று கிடந்தது. பத்திரத்தைப் பைக்குள்ளேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

அடுத்த நாள் காலை கந்தோரில் என் படத்தை மேசையில் விரித்தேன். வேறு எதுவும் செய்யத் தெரியாததால்தான் விரித்தேன். கதிரையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு பேனை எடுக்காமல் பார்த்தேன். பத்து நிமிடம் ஆகியிருக்காது. நான் குறித்த நாற்பத்தொரு புள்ளிகளில் பதின்மூன்று கண்டபாட்டில் சிதறிக் கிடந்தன. மற்ற இருபத்தெட்டும் வரிசையில் நின்றன. இரண்டு பக்கச் சுவர்களில் ஒவ்வொன்றிலும் ஏழு ஏழாக இரண்டு வரிசை. இடச்சுவரில் எந்த உயரமோ வலச்சுவரிலும் அதே உயரம். எந்தத் துவக்கு அப்படிச் சுடும்? எந்த ஷெல் வந்து நூல் பிடித்து விழும்? இவ்வளவையும் என் கையாலேயே, அரை அங்குலம் பிசகாமல் கீறி வைத்திருக்கிறேன். கீறிய நாளிலிருந்து அதைப் பார்க்கவே இல்லை. எனக்கு உடம்பெல்லாம் வேர்த்துவிட்டது. வெட்கத்தால் வந்த வேர்வை என்று இன்றைக்கும் சொல்வேன்.

சலீமைக் கூட்டிக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன். வரிசையில் ஒன்றைக் காட்டி உடைக்கச் சொன்னேன். அவர் கேள்வி கேட்கவில்லை. உளி நாலு தரம் இறங்கியது. தும்பை இழுத்தெடுத்துவிட்டு முழங்கைவரை உள்ளே விட்டார்.

"முட்டி சேர்" என்றார்.

"என்ன முட்டி?"

"கள்ளு முட்டி. சுவருக்க படுக்க வைச்சுக் கட்டியிருக்கினம். வாய் எங்கட பக்கம்."

கள்ளு வடியப் பனையில் கட்டும் சாதாரண மண்முட்டிதான். சுவரைக் கட்டும்போதே ஏழு ஏழாகப் படுக்க வைத்து, வாயை மட்டும் வெளியே விட்டுச் சுண்ணாம்பால் விளிம்பு கட்டியிருக்கிறார்கள். மண்டபத்துக்குள் சுற்றித் திரியும் ஓசையை அந்த முட்டிகள் பிடித்துக் குடித்துவிடும், சொல் மட்டும் தெளிவாகப் போகும் என்று அந்தப் பெயர் தெரியாத மனுசன் கணக்குப் போட்டிருக்கிறான். பிறகு ஒரு பல்கலைக்கழகத்துக்காரர் வந்து பார்த்தார். முட்டிகள் செய்வது கொஞ்சம்தான், உங்கள் சீமெந்துப் பூச்சுத்தான் பெரிய கெடுதல் என்றார். நான் வாதாடவில்லை. இரண்டையும் செய்தவன் நான்தான்.

இப்போது நான் உங்களுக்குச் சொல்ல வந்த இடத்துக்கு வந்திருக்கிறோம். பிழையைக் கண்டுபிடித்தாயிற்று. அதை யாரிடம், எப்போது சொல்வது? பேசாமல் ஒப்படைத்துவிட்டால் அந்த வருடப் புலம்பல் மனப்பாடத்திலேயே நடந்து முடிந்துவிடும். ஒருவருக்கும் தெரியாது. எனக்கு ஓய்வுக்கு ஒன்றரை வருடம் இருந்தது. சொன்னால் என்ன நடக்கும்? திருத்தப் போய் மண்டபத்தைக் கெடுத்துவிட்டார்கள், இனி இடிப்பதுதான் வழி என்று புது மண்டபக்காரர் சொல்வார்கள். என் உண்மையே மண்டபத்துக்கு எமனாகிவிடும். ரீச்சரும் அதையேதான் யோசித்தார். "சேர், இப்ப சொல்லாமல் பெரிய வெள்ளி முடியச் சொல்லேலாதோ?" என்று கேட்டார்.

நல்ல யோசனைதான். நானும் ஒரு நாள் முழுக்க அதை நினைத்துப் பார்த்தேன். ஆனால் பெரிய வெள்ளி முடியச் சொன்னால், முன்னமே தெரிந்திருந்தும் மறைத்தவன் ஆவேன். பிறகு நான் சொல்லும் எதையும் யார் நம்புவார்கள்? மண்டபம் நிற்பதா விழுவதா என்பது கடைசியில் என் சொல்லில்தான் தங்கியிருந்தது. அந்தச் சொல்லைப் பழுதாக்கிவிட்டு அதை வைத்தே மண்டபத்தைக் காப்பாற்ற ஏலாது என்று ரீச்சரிடம் சொன்னேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப நல்லாச் சொல்லுங்கோ" என்றார்.

சபையைக் கூட்டச் சொல்லிக் கேட்டேன். படத்தைச் சுவரில் ஒட்டினேன். பழுது மண்டபத்தில் இல்லை, என் பட்டியலில் என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். சலீம் எச்சரித்ததையும் நான் கேட்காததையும் சொன்னேன்.  பின்னால் யாரோ, "கோயில் மண்டபத்துச் சுவரில கள்ளு முட்டியோ" என்று கேட்க, பாதருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

சம்மாட்டியார் சிரிக்கவில்லை. "இப்ப நீங்கள் என்ன கேக்கிறியள்?"

"பன்னிரண்டு நாள். பூசின சீமெந்தை உரிச்சு, முட்டியளைத் திறந்து தாறன்."

"பிழை விட்ட ஆளிட்டையே வேலையைத் திருப்பிக் குடுக்கச் சொல்லுறியள்."

"ஓம். எங்கெங்க பிழை எண்டு அளந்து வைச்சிருக்கிற ஆள் நான் ஒருத்தன்தான்."

அவர் படத்தை நீண்ட நேரம் பார்த்தார். கடலில் திசை பார்த்துப் பழகிய மனுசன், வரிசை அவருக்குத் தெரிந்திருக்கும். "பன்னிரண்டு நாள்" என்றார். "அதுக்குப் பிறகு பின்வாங்குக்குக் கேக்க வேணும். சும்மா பாடமாச் சொல்லுறது இல்லை."

கந்தோருக்குத் திருத்திய பட்டியல் எழுதினேன். 'முந்திய பட்டியலில் சேதம் எனக் குறித்த இருபத்தெட்டும் சேதமல்ல, கட்டியவரின் வேலை. தவறு என்னுடையது.' விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது, விளக்கம் கொடுத்தேன். உங்களுக்கும் ஒருநாள் வரும். கடிதம் வந்ததால் யாரும் செத்துப்போவதில்லை.

அந்தப் பன்னிரண்டு நாளில் நான் தீர்மானித்தது மிகக் குறைவு. சலீம்தான் தீர்மானித்தார். உளியின் கைப்பிடியால் தட்டி, உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல ஓசை வந்த இடத்தைத் திறந்தார். சீமெந்தை உரித்து, சிப்பிச் சுண்ணாம்பு குழைத்துப் பூசினார். உண்மையான ஷெல் துளைகள் பதின்மூன்றையும் அடைத்தபடியே விட்டோம். வலச்சுவரின் மேல்வரிசையில் ஒரு முட்டி மட்டும் தட்டும்போது அந்த ஓசை தரவில்லை. திறந்தால், முட்டி நொறுங்கிக் கிடந்தது. உள்ளே ஓட்டுத் துண்டுகளுக்கு நடுவே விரல் அளவு இரும்புத் துண்டு. வாய் வழியாக நேரே உள்ளே போயிருக்கிறது. புது முட்டி வைப்போமா என்று கேட்டேன்.

"இது ஒண்டு நீங்கள் எழுதினது சரி சேர்" என்றார் சலீம். எங்கள் இரண்டு பேருக்கும் அன்றைக்குத்தான் சேர்ந்து சிரிக்க வந்தது. அதை அப்படியே விட்டோம்.

பதின்மூன்றாம் நாள் பின்னேரம் சபை வந்தது. எனக்கு இருந்த சிக்கல் இதுதான். ஊரில் யாரைக் கடைசி வாங்கில் இருத்தினாலும் அவருக்குப் புலம்பல் மனப்பாடம். காது பிழைவிட்டாலும் வாய் சரியாகச் சொல்லிவிடும். அந்தப் பாட்டைத் தெரியாத ஒருவர் வேண்டும். அப்படி அங்கே ஒருவர்தான் இருந்தார்.

"நானோ?" என்றார் சலீம். கையைக் கழுவிக்கொண்டு வந்து கடைசி வாங்கின் நடுவில் தனியாக இருந்தார். சட்டையில் சுண்ணாம்பு. சம்மாட்டியாரும் மற்றவர்களும் அவருக்குப் பின்னால் கதவடியில் நின்றார்கள். நான் சுவரோடு சாய்ந்து நின்றேன். அடிகளை ஒழுங்கு மாற்றிப் பாடுங்கோ என்று ரீச்சரிடம் சொல்லியிருந்தேன்.

ரீச்சர் மேடையில் ஏறினார். குரலை உயர்த்தவில்லை.

முதல் அடி முடிந்தது. "காற்றே" என்றார் சலீம்.

அடுத்தது. "மரமே."

அடுத்தது. "கடலே." பிறகு, "மணலே." ஒவ்வொன்றையும் பள்ளிக்கூடத்தில் இடாப்பில் பெயர் கூப்பிடும்போது பிள்ளைகள் சொல்வதுபோல மெல்லமாகச் சொன்னார். கதவடியில் ஒருவர் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. நாலும் சரி. முடிந்தது என்று நினைத்தேன்.

ரீச்சர் இறங்கவில்லை. தலையைத் திருப்பி வலச்சுவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். முன்னிலும் தாழ்ந்த குரலில் இன்னொரு அடி பாடினார்.

"காயம் என்று எண்ணியோ உன் வாயை அடைத்தார், சுவரே."

அப்படி ஒரு அடி புலம்பலில் இல்லை. அது எனக்காகப் பாடியது. முகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிலத்தைப் பார்த்தேன். கடைசி வாங்கிலிருந்து சத்தம் இல்லை. இவ்வளவு தூரம் வந்து போச்சே என்று நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால், சலீமும் அந்தச் சுவரைத்தான் பார்த்துக் கொண்டிருந்தார்.

"சுவரே" என்றார்.

சம்மாட்டியார் கதவடியை விட்டு உள்ளே வந்தார். "ரீச்சர், அது பாட்டில இருக்கோ?"

"இல்லை."

"முந்தி எப்பவாவது பாடினதோ?"

"இப்பதான்."

 சம்மாட்டியார் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கடைசி வாங்கடிக்குப் போனார். "கொஞ்சம் அரக்கி இருங்கோ தம்பி" என்றார். சலீம் தள்ளி இருந்து இடம் விட்டார். சம்மாட்டியார் பக்கத்தில் இருந்து, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு மேடையைப் பார்த்தார்.

"இன்னொருக்கால் பாடுங்கோ ரீச்சர்" என்றார். "எனக்குத் தெரியாத அடி ஒண்டு."